பங்கு கேட்காத பொதுப்பணம்

குஜராத் மாநிலம் சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்துக்கு ஒரு சிப் ஆலை. திட்ட மதிப்பு 22,516 கோடி ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு தருகிறது. மேலும் 20 சதவீதத்தை மாநில அரசு தருகிறது. மைக்ரான் தன் கையிலிருந்து போடுவது மீதி 30 சதவீதம் மட்டுமே. ஆலை யாருக்குச் சொந்தம்? முழுக்க முழுக்க மைக்ரானுக்கு. பத்து ரூபாயில் ஏழு ரூபாயைக் கொடுத்த இந்திய மக்களுக்கு அந்த நிறுவனத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு என்ன செய்தது என்று பாருங்கள். இன்டெல் நிறுவனத்துக்கு மானியமாகத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்த பணத்தைப் பங்குகளாக மாற்றி, அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை வாங்கிக்கொண்டது. சோஷலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நாடு அது. வரிப்பணம் போன இடத்தில் பங்கு கேட்பதில் அதற்குக்கூடத் தயக்கம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையிலேயே சோஷலிசம் என்று எழுதிவைத்திருக்கும் நாம்தான் கேட்காமல் இருக்கிறோம்.

முதலாளித்துவத்தையும் சோஷலிசத்தையும் கலந்து நியாயமான ஒரு பொருளாதாரத்தை உருவாக்குவோம் என்று சொல்லித்தான் இந்தக் குடியரசு தன் பயணத்தைத் தொடங்கியது. அந்தக் கலப்பு இன்றும் இருக்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது. ஆபத்தைப் பொதுமக்கள் சுமக்கிறார்கள், ஆதாயத்தைத் தனியார் எடுத்துச் செல்கிறார்கள். முதலாளித்துவத்தின் கடுமை தொழிலாளிக்கும் நோயாளிக்கும் மாணவனுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சோஷலிசத்தின் பரிவு பெரிய கம்பெனிகளுக்குக் கிடைக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகள் இதே வழியில் போனால் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விடுவோம் என்று நாம் அஞ்சுகிறோம்.

வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களை ஓசூருக்கு அழைத்துப் போக வேண்டும்.

1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்ச் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் ஆலை எழுந்தது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்றுக் கைக்கடிகாரம் செய்யும் நுண்தொழிலாளர்களாக ஆனார்கள். அரசு நிலத்தைக் காட்டிவிட்டு, வரியைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை, பங்கு எடுத்துக்கொண்டது. இன்றும் டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம். டாடா குழுமத்தின் பங்கு சுமார் 25 சதவீதம்தான். நாடு முழுக்க நகைக்கடைகளும் கடிகாரக் கடைகளும் நடத்தும் அந்தப் பெரிய கம்பெனியில் டாடாவைவிடத் தமிழ்நாட்டு மக்களுக்குத்தான் அதிகப் பங்கு என்பது இங்கே பலருக்கும் தெரியாது. அண்மை ஆண்டுகளின் சந்தை விலையில் அந்தப் பங்கின் மதிப்பு 70,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ஆம் ஆண்டுக்கு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தது. டிட்கோவின் கையில் இருப்பவை ஏறத்தாழ 24.75 கோடிப் பங்குகள். ஒரே ஆண்டில் 270 கோடிக்கும் மேல், ஒரு குடிமகனிடமும் புதிதாக வரி கேட்காமல் வந்த பணம்.

நிர்வாகத்தை டாடா பார்த்துக்கொண்டது. எந்த மாடலில் கடிகாரம் செய்ய வேண்டும், எந்த ஊரில் கடை திறக்க வேண்டும் என்று கோட்டையிலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. இயக்குநர் குழுவில் அரசின் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள், கணக்கைப் பார்த்தார்கள். தொழில் வளர்ந்தபோது மாநிலத்தின் சொத்தும் சேர்ந்து வளர்ந்தது. நியாயமான கலப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு ஒப்பந்தத்தையும் நினைத்துப் பார்ப்போம். 2005-ல் நோக்கியா நிறுவனத்துடன் தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு என்று சலுகைகள் குவிந்தன. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. வட மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து வேலை பார்த்தார்கள். பிறகு வருமான வரி வழக்கு வந்தது. கைப்பேசிச் சந்தையில் நோக்கியா சரிந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1 அன்று கதவு சாத்தப்பட்டது. சில ஆயிரம் குடும்பங்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பின. எட்டு ஆண்டுகள் அள்ளிக் கொடுத்த மாநிலத்தின் கையில் ஒரு பங்குப் பத்திரம்கூட இல்லை.

ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே கிடக்கிறது நாம் இழந்த அறிவு.

நம் கிராமங்களில் வாரத்துக்கு நிலம் விடும் வழக்கத்தை எண்ணிப்பாருங்கள். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விதையும் மாடும் யாருடையதோ அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது போட்டவருக்கெல்லாம் வாரம் உண்டு. நிலமும் விதையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அளக்கும் நாளில் கையை விரித்துக்கொண்டு நிற்பவரை ஊர் என்னவென்று சொல்லும்? நம் அரசுகள் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1944-ல், விடுதலைக்கு முன்பே, ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா, கஸ்தூர்பாய் லால்பாய் போன்ற தொழிலதிபர்களே பம்பாய்த் திட்டத்தை முன்வைத்தார்கள். கனரகத் தொழிலிலும் அடிப்படைக் கட்டமைப்பிலும் அரசு இறங்காமல் இந்தியா எழ முடியாது என்று முதலாளிகளே எழுதிக் கொடுத்த ஆவணம் அது. 1955 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிசப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அப்போது இங்கே முதலமைச்சர் காமராஜர். 1956-ன் தொழிற்கொள்கைத் தீர்மானம் எதை அரசு செய்வது, எதைத் தனியார் செய்வது, எதில் இருவரும் இறங்குவது என்று கோடு போட்டது.

அந்தக் கோட்டின் பலனைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தது, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டப்பட்டது, திருச்சியில் பெல் நிறுவனம் எழுந்தது. பெல்லுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தே திருச்சியைச் சுற்றி நூற்றுக்கணக்கான தனியார் பட்டறைகள் முளைத்தன. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசே கொட்டகை கட்டி, மின்சாரம் இழுத்துக் கொடுத்து, சிறு தொழில்முனைவோரைக் குடியேற்றியது. அரசு போட்ட அடித்தளத்தின் மேல் தனியார் எழுந்தார்கள். மதிய உணவு போட்டுப் படிக்கவைத்த பிள்ளைகள் அந்தப் பட்டறைகளுக்கு ஃபிட்டர்களாகவும் டர்னர்களாகவும் போனார்கள்.

அந்தக் காலத்தை நாம் பொற்காலம் என்று பாடப்போவதில்லை. ராஜாஜி லைசென்ஸ்-பர்மிட் ராஜ் என்று பேர் வைத்து அதை எதிர்த்ததில் உண்மை இருந்தது. 1959-ல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது வெறும் பிடிவாதத்தால் அல்ல. ஒரு ஆலையைப் பெரிதாக்க டெல்லியில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம் வரை போனது. ஏய்ப்பதைத் தவிர வேறு எதையும் அது வளர்க்கவில்லை. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், தொழில்நுட்பம் மாறியபோது மாற முடியாமல் செத்தது. 1991-ல் அந்நியச் செலாவணி வற்றி, தங்கத்தை அடகுவைக்கும் நிலைக்கு நாடு வந்தபோது, மன்மோகன் சிங்கின் ஜூலை 24 பட்ஜெட்டும் அதே நாளில் வந்த புதிய தொழிற்கொள்கையும் பூட்டுகளைத் திறந்தன. திறந்தது சரி. அதன் பிறகு வறுமை குறைந்தது, வருமானம் உயர்ந்தது, நடுத்தர வர்க்கம் பெருகியது. இதை மறுப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

நம் கேள்வி, திறந்த பிறகு கணக்கு யார் எழுதினார்கள் என்பதுதான்.

தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 1922 முதல் 2023 வரை நூறாண்டுக் கால இந்திய ஏற்றத்தாழ்வை அளந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர் பெற்றது 6 சதவீதம் அளவுக்குத்தான். 2022-23-ல் அது 22.6 சதவீதம். சொத்தைப் பார்த்தால் 40.1 சதவீதம் அவர்கள் கையில். அடித்தட்டில் இருக்கும் பாதி இந்தியர்களுக்கு வருமானத்தில் கிடைப்பது 15 சதவீதம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தைவிட இன்று ஏற்றத்தாழ்வு அதிகம் என்பது அந்த ஆய்வின் முடிவு. இந்தக் கணக்கெடுப்பு முறையைக் கேள்வி கேட்கும் பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏற்றம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தெருவில் நடந்தாலே பார்த்துவிடலாம்.

வரியில் நடந்ததைப் பாருங்கள். 1985-ல் வாரிசுச் சொத்து வரி போனது. 2015 பட்ஜெட்டில் செல்வ வரி போனது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 30-லிருந்து 22 சதவீதமாக இறங்கியது. புதிய உற்பத்தி ஆலைகளுக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அன்று சொன்னது. தீப்பெட்டி வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஏழை கட்டும் ஜி.எஸ்.டி.க்கு அன்று இப்படி ஒரு கருணை கிடைக்கவில்லை. இப்போது மாதச் சம்பளக்காரர்களும் சிறு தொழில்காரர்களும் மற்றத் தனிநபர்களும் கட்டும் வருமான வரி, கம்பெனிகள் கட்டும் வரியைத் தாண்டி நிற்கிறது.

வங்கிகளில் நடந்தது இன்னும் கசப்பானது. 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து ஆண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கின்றன என்று நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. நீக்கம் என்றால் தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று விளக்கம் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் திரும்பி வந்தது சிறு பகுதியே. ஓட்டை விழுந்த பொதுத்துறை வங்கிகளை நிமிர்த்த 2016-17 முதல் 2020-21 வரை அரசு 3 லட்சம் கோடிக்கு மேல் முதல் போட்டது. நகைக்கடனுக்கு ஒரு தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும் நாட்டில் இது நடந்தது.

பங்கு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கித் துறையிலேயே சாட்சி உண்டு. 2020 மார்ச்சில் எஸ் பேங்க் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, பாரத ஸ்டேட் வங்கி பங்கு ஒன்று 10 ரூபாய் விலையில் முதல் போட்டு அதைத் தூக்கி நிறுத்தியது. 2025-ல் அந்தப் பங்குகளில் ஒரு பகுதியை ஜப்பானிய வங்கி ஒன்றுக்கு 21.50 ரூபாய் விலையில் விற்று 8,889 கோடி பெற்றது. காப்பாற்றியவருக்குப் பலன் கிடைத்தது. தனியார் வங்கி மூடப்படவில்லை, வைப்புதாரர்களும் பிழைத்தார்கள். பொதுப்பணத்தில் தூக்கி நிறுத்தப்படும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இதையே ஏன் விதியாக்கக் கூடாது?

பொதுத்துறையைப் பட்டினி போட்டால் என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதை நாம் உயிர்களைக் கொடுத்துக் கற்றோம். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. தரக் குறைபாடு உண்மை. குறையைச் சரிசெய்ய முதலில் பணம் போட்டிருக்க வேண்டும். முதலில் பூட்டுத்தான் போட்டார்கள். நாட்டின் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகளை மலிவாகச் செய்து கொடுத்த ஆலைகள் அவை. உரிமம் 2010-ல் திரும்பி வந்தது; இழந்த காலம் வரவில்லை. செங்கல்பட்டுக்கு அருகே சுமார் 100 ஏக்கரில் மத்திய அரசு கட்டிய தடுப்பூசி வளாகத்திலிருந்து பெருந்தொற்றுக் காலம் முழுக்க ஒரு கொரோனா தடுப்பூசிகூட வெளிவரவில்லை. குத்தகைக்காவது கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கேட்டுப் பார்த்தது.

அதே மே மாதத்தில் கோவிஷீல்டு தடுப்பூசிக்கு மூன்று விலை. மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு உலகச் சந்தையில் டெண்டர் விட்டன. 18 முதல் 44 வயதினருக்கான அந்தக் கொள்கை தன்னிச்சையானதாகவும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததாகவும் தோன்றுகிறது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஜூனில்தான் அரசு மாற்றிக்கொண்டது. சுடுகாட்டு வாசலில் வரிசை நின்ற வாரங்கள் அவை. உற்பத்தியைத் தனியாருக்கு விட்டது அங்கே குற்றம் ஆகாது. தன் கையில் இருந்த ஆலையைச் சும்மா போட்டுவிட்டு, உயிர் காக்கும் மருந்துக்கு விலை பேசும் வலிமையையும் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்ததுதான் குற்றம்.

விலை பேசும் வலிமை என்றால் என்ன என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் கற்கலாம். 1994-ல் தொடங்கப்பட்டு, ஆர். பூர்ணலிங்கம் முதல் நிர்வாக இயக்குநராக இருந்து வடிவமைத்த அமைப்பு. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தையெல்லாம் மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் வெளிப்படையான டெண்டர் போட்டு வாங்குகிறது. மருந்தைச் செய்பவர்கள் தனியார் கம்பெனிகள்தான். விலைக்காக அவர்கள் போட்டி போடுகிறார்கள். வந்த மருந்து, செய்த கம்பெனியின் பேர் தெரியாமல் ஆய்வகத்துக்குப் போகிறது. தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போலப் பாஸ்புக், அதில் ஆண்டு ஒதுக்கீடு, எடுத்த மருந்தின் வரவு செலவு. சந்தையின் போட்டியும் அரசின் பொறுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போகும் பாட்டிக்கு ஒரு காசு செலவில்லை. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் மாநிலத்தில் செய்தன. இந்தியாவின் மருத்துவச் செலவில் 2021-22-ல் 39.4 சதவீதம் நோயாளியின் சொந்தப் பையிலிருந்தே போயிருக்கிறது. இந்தக் கலப்பு நாடு முழுக்கப் பரவாததன் விலை அது.

ரேஷன் கடையும் அப்படித்தான். 1997-ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரிக்கச் சொன்னது டெல்லி. தமிழ்நாடு மறுத்தது. எல்லாருக்கும் அரிசி என்ற கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டது. வீட்டில் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்ததால்தான் பெண்கள் ஆலை வேலைக்குத் துணிந்து கிளம்பினார்கள், பிள்ளைகள் பாலிடெக்னிக் வரை படித்தார்கள். இந்தியாவின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பெருமையில் ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் பங்கு உண்டு. ஆலை முதலாளிகள் இதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் செய்த மாநிலம் வேறு ஒன்றையும் செய்தது. 2003-ல் மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. அதே காலகட்டத்தில் தனியார் பள்ளிகளும் பொறியியல் கல்லூரிகளும் பெருகின. தனியார் நடத்த வேண்டியதை அரசும், அரசு நடத்த வேண்டியதைத் தனியாரும் நடத்துகிறார்கள் என்று மேடைக்கு மேடை கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. மரத்துப்போக விடக் கூடாத உண்மை அது. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கூலிக்காரன் குடித்த காசில் அவன் மனைவிக்கு நலத்திட்டம் தருவது மறுபங்கீடு ஆகாது. ஒரே குடிசைக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறுகிறது. நடுவில் ஓர் உயிர் தேய்கிறது. கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்காத அரசு, வேறு எங்கே போய்க் கை நீட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது மாநிலங்களுக்குள் ஏலம் நடக்கிறது. யார் அதிகம் விட்டுக்கொடுப்பது என்பதே போட்டி. 2025-ல் ஆந்திர அரசு விசாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 21 ஏக்கர் நிலத்தை டி.சி.எஸ். நிறுவனத்துக்கு 99 பைசாவுக்குக் கொடுத்தது. இந்தியாவின் செழிப்பான கம்பெனிகளில் ஒன்றுக்கு நிலம் வாங்கக் காசில்லை என்று யாரும் நம்பப்போவதில்லை. பக்கத்து மாநிலம் இப்படி இறங்கினால் நாமும் இறங்க வேண்டியதாகிறது என்று சென்னையில் அதிகாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் தமிழ்நாடு 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டது. அறிவிக்கப்பட்ட முதலீடு 6.64 லட்சம் கோடி. ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்படும் சலுகைத் தொகுப்பு என்ன, எத்தனை ஆண்டுகளுக்கு, திரும்பி வருவது என்ன என்ற முழுக் கணக்கு சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுவது அரிது. வாக்களிப்பவருக்குத் தெரியாமல் அவர் பணத்தில் பேரம் நடக்கிறது.

அந்த ஆலைகளுக்குள் என்ன நிலை? நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தைப் பதிவு செய்யவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே முதலாளித்துவம் செத்துப்போகவில்லை; உலகத்துக்கே கார் விற்றது. இங்கே சங்கத்துக்குப் பேர் பதியவே தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல செயல். தகரக் கூரைக்குள் அடைந்து கிடந்த பெண்களுக்கு மரியாதையான படுக்கை கிடைத்தது. அதைப் பாராட்டிக்கொண்டே கேட்கிறோம்: நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர், சலுகை, கடைசியில் தொழிலாளி படுக்க இடமும் அரசே தருமானால், ஆலையின் லாபத்தில் அரசுக்கு ஏன் இடமில்லை?

அரசு பங்கு எடுத்தால் அரசியல்வாதி உள்ளே வந்துவிடுவான், தொழில் கெட்டுவிடும் என்பது முதல் எதிர்ப்பு. நியாயமான அச்சம்தான். நாற்பது ஆண்டுகளாக ஓசூர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிர்வாகத்தை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி செய்யலாம். பொதுத்துறை என்று பலகை மாட்டினாலே நீதி வந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் இன்றும் போராடுகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் பயிரின் மேல் இயந்திரம் ஏறியது. ஏற்றியது பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. நிலம் கொடுத்தவருக்கும் பங்கு என்ற கொள்கை அங்கேயும் செல்ல வேண்டும்.

பங்கு கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்பது இரண்டாவது எதிர்ப்பு. ஒரு மாநிலம் மட்டும் தனியாகக் கேட்டால் ஓடலாம். அதனால்தான் இது டெல்லி செய்ய வேண்டிய வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு எதுவும் தன் இஷ்டத்துக்கு ஒரு கம்பெனிக்குச் சலுகை அள்ளிக் கொடுக்க முடியாது. அயர்லாந்து ஆப்பிள் நிறுவனத்துக்குக் கொடுத்த வரிச் சலுகை செல்லாது, 13 பில்லியன் யூரோவை வசூலிக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாகச் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று வாதாடிய அயர்லாந்தே அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இருபத்தேழு தனித்தனி நாடுகள் ஒரு விதிக்குக் கட்டுப்பட முடியும் என்றால், ஒரே நாட்டின் மாநிலங்களால் முடியாதா? ஜி.எஸ்.டி.க்கு ஒரு மன்றம் அமைத்து மாநிலங்களின் வரி உரிமையை வாங்கிக்கொண்டவர்கள், சலுகைப் போட்டிக்கு ஏன் ஒரு வரம்பு கட்டவில்லை?

அரசமைப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, செல்வம் சிலர் கையில் குவிந்து பொதுமக்களுக்குக் கேடாக முடியாதபடி பொருளாதாரத்தை நடத்த வேண்டும் என்று அரசுக்குக் கட்டளையிடுகிறது. தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் பொருள்வளமாகக் கருத முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதை நாம் ஏற்கிறோம். ஒருவர் உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்குவது நம் கோரிக்கை அல்ல. பொதுப்பணம் போட்டு வளர்ந்ததில் பொதுவின் பங்கை மட்டும் கேட்கிறோம். அதற்கு எந்தத் தீர்ப்பும் குறுக்கே நிற்கவில்லை.

மத்திய அரசு உடனே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மானியமோ வரிச் சலுகையோ மலிவு நிலமோ பெறும் எந்த நிறுவனமும் அதன் மதிப்புக்கு ஈடான பங்கை அரசுக்குத் தர வேண்டும். சொன்ன வேலைவாய்ப்பைத் தராமல், சொன்ன ஆண்டுக்கு முன் மூடிவிட்டுப் போனால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பங்கிலிருந்து வரும் ஈவுத்தொகை பட்ஜெட்டின் ஓட்டையை அடைக்கப் போகாமல், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என்று தனி நிதியாக நிற்க வேண்டும். பள்ளி, மருந்து, குடிநீர் ஆகியவற்றைச் சந்தையின் கருணைக்கு விடக் கூடாது. கடிகாரத்தையும் சோப்பையும் காரையும் சந்தை செய்துகொள்ளட்டும். அவற்றை நடத்துவதில் அரசுக்கு வேலை இல்லை. பல நூறு கோடிச் சொத்து தலைமுறை மாறும்போது வாரிசு வரி மீண்டும் வர வேண்டும். சங்கம் வைப்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலை ஒழிய வேண்டும்.

தமிழ்நாடு அரசு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. கையெழுத்தான ஒவ்வொரு முதலீட்டு ஒப்பந்தத்தையும், அதில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு சலுகையையும் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே மேசையில் வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், மனம் இருந்தால் போதும். வாசகர்களே, அடுத்து உங்கள் வீட்டு வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இது ஒன்றை மட்டும் கேளுங்கள்: எங்கள் பணம் போன கம்பெனிகளில் எங்களுக்கு எவ்வளவு பங்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.